கால்பந்து அரங்கின் ஆரவாரம்: ஏக்கம் சொல்வதும் உண்மையில் நடந்ததும்

இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பழைய ரசிகர்கள் தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. அரங்குகளில் முன்பிருந்த உயிர் இப்போது இல்லை. படிக்கட்டு மேடைகளில் நின்றபடி ஆட்டம் பார்த்த காலத்துப் பாட்டும் முழக்கமும், எல்லோருக்கும் இருக்கை போட்ட பிறகு போய்விட்டன என்பார்கள். லிவர்பூலின் ஆட்டங்களை நம் ஊரில் இரவு கண்விழித்துத் தொலைக்காட்சியில் பார்க்கும் இளைஞர்கள்கூட, தாங்கள் ஒருநாளும் நின்றறியாத அந்த மேடைகளுக்காக ஏங்குகிறார்கள். இந்தக் குறையில் உண்மை கணிசமாகவே இருக்கிறது. ஆனால் எது தொலைந்தது, எதனால் தொலைந்தது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தவறு, அப்படிப்பட்ட மேடையில் உயிரிழந்தவர்களுக்கு இழைக்கும் அநீதியாகவும் முடிந்துவிடுகிறது. ஆகவே அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

ஒரே படம், இரண்டு காட்சிகள்

பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகும் நாளின் முதல் காட்சியையும், அதே திரையரங்கில் பத்தாம் நாள் பகல் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். படம் ஒன்று, ஒலிபெருக்கிகள் அவையே, இருக்கைகளும் அவையே. பத்தாம் நாளில் அரங்கு நிறைந்திருந்தாலும் முதல் காட்சியின் விசில் சத்தம் அங்கே எழுவதில்லை. காரணம், முதல் காட்சியில் ரசிகர் மன்றத்து இளைஞர்கள் வரிசை வரிசையாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தான் விசிலடித்தால் அடுத்த நொடியே பக்கத்தில் இருபது பேர் அடிப்பார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே இளைஞர்களை ஆளுக்கொரு மூலையாக, குடும்பத்தோடு வந்தவர்களுக்கிடையே பிரித்து உட்காரவைத்தால், தலைகளின் எண்ணிக்கை குறையாது. விசில் மட்டும் அடங்கிவிடும்.

கால்பந்து அரங்கில் நடப்பதும் இதுவே. கூட்டம் சேர்ந்து எழுப்பும் ஒலியையும் அசைவையும், அவற்றால் அங்கிருப்போர்க்கும் ஆடுவோர்க்கும் உண்டாகும் உணர்வையும் சேர்த்து இக்கட்டுரையில் அரங்கச் சூழல் என்று குறிப்பிடுகிறேன். அதைக் கூட்டத்தின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை.

சத்தத்தின் கணக்கு

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். இந்த அலகின் கணக்கு நாம் எண்ணும் முறையிலிருந்து வேறுபட்டது. ஒரே அளவில் கத்துபவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 3 டெசிபல்தான் கூடுகிறது. அது காதுக்குச் சற்றே தெரியும் வேறுபாடு. கேட்பவருக்கு ஒலி இரண்டு மடங்கானதாகத் தோன்றவேண்டுமானால், 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு ஆட்கள் தேவை.

இதை லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் பொருத்திப் பார்க்கலாம். அங்கே ஒரு கோலுக்குப் பின்னால் உள்ள பகுதிக்குக் கோப் என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் ஸ்பியான் கோப் என்ற குன்றில் 1900-இல் நடந்த போரில் மாண்ட வீரர்களின் நினைவாக, 1906-இல் கட்டப்பட்ட அந்த மேட்டுக்கு அப்பெயர் வந்தது. (அந்தக் குன்றில் காயமுற்றவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் காந்தியும் இருந்தார்.) கோப் ஒரு படிக்கட்டு மேடை, அதாவது நாற்காலிகள் இல்லாமல் கான்கிரீட் படிகளில் ரசிகர்கள் நின்று பார்த்த பகுதி. உச்ச காலத்தில் அதில் ஏறக்குறைய 28,000 பேர் நின்றார்கள். 1994-க்குப் பிறகு அந்த இடத்தில் எழுந்த மேடையில் இருக்கைகள் 12,000-க்குச் சற்று மேல். கூட்டம் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் முன்போலவே கத்தினால், இந்தக் குறைவால் போகும் ஒலி 3 அல்லது 4 டெசிபல்தான். இவ்வளவு பெரிய இழப்பாக ரசிகர்கள் உணர்வதை அந்தச் சிறிய எண்ணால் விளக்க முடியாது.

மறுபுறம், ஒருவர் இயல்பாகப் பேசுவதற்கும் முழுத் தொண்டையில் கத்துவதற்கும் இடையே 20 டெசிபலுக்கு மேல் வேறுபாடு உண்டு. முழு மூச்சில் கத்தும் ஒருவர், பக்கத்தாரோடு பேசிக்கொண்டிருக்கும் நூறு பேருக்குச் சமம் என்று கொள்ளலாம். எனவே அரங்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் வாயைத் திறக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

கட்டடத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. இரு கோல்களுக்குப் பின்னாலும் உள்ள மேடைகளின் நடுப்பகுதிகள் 170 மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரு முனையின் பாட்டு மறுமுனையை அடைய அரை நொடி ஆகும். நடுத்தர வேகப் பாட்டில் அது முழுதாக ஒரு தாளம். ஆகையால் அரங்கு அகல அகல, எல்லோரும் சேர்ந்து பாடுவது நழுவிப்போகிறது. பழைய அரங்குகள் பல, வீடுகளுக்கு நடுவே குறுகிய மனையில் கட்டப்பட்டவை. ரசிகர்கள் களத்தின் விளிம்பை ஒட்டியே நின்றார்கள், தாழ்ந்த கூரை அவர்களுடைய ஒலியை வானத்துக்கு விடாமல் களத்தின் மேல் திருப்பியது. வெஸ்ட் ஹாம் அணி 2016-இல் அப்டன் பார்க்கிலிருந்து, ஒலிம்பிக் தடகளப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட லண்டன் ஸ்டேடியத்துக்கு மாறியபோது, இருக்கைகள் ஏறக்குறைய 35,000-இலிருந்து 60,000 அளவுக்கு உயர்ந்தன. ஆயினும் களத்திலிருந்து விலகிப்போன ரசிகர்களின் மனக்குறை அந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. இந்த இடத்தில் அவர்களின் ஏக்கம் முழுக்க நியாயமானது.

முதலில் யார் பாடுவது?

கூட்டத்தின் உண்மையான இயக்கம் இனிமேல்தான் வருகிறது. ஒருவர் ஒரு செயலில் சேர்வதற்குமுன், தம்மைச் சுற்றி எத்தனை பேர் அதைச் செய்துகொண்டிருக்கவேண்டும் என்று மனத்துக்குள் ஓர் அளவு வைத்திருக்கிறார். அதை இணைவு வரம்பு என்போம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-இல் இந்தக் கருத்தை விளக்கியபோது தந்த கணக்கு எளிமையானது. நூறு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் யாரும் இல்லாவிட்டாலும் தொடங்குவார். அவருடைய வரம்பு 0. அடுத்தவருடையது 1, அதற்கடுத்தவருடையது 2, இப்படியே 99 வரை. முதலாமவர் தொடங்கியதும் இரண்டாமவர் சேர்வார், இருவரைக் கண்டு மூன்றாமவர் சேர்வார். கடைசியில் நூறு பேரும் பாடுவார்கள். இப்போது வரம்பு 1 உள்ள ஒருவரை மட்டும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வரம்பு 2 உள்ள ஒருவரை நிறுத்துங்கள். முதலாமவர் தொடங்குவார், அவரைத் தொடர ஆள் இருக்காது. மற்ற 99 பேரும் ஏறக்குறைய அதே மனிதர்கள். ஆனால் முதல் கூட்டத்தில் பேரிசை எழுந்தது, இரண்டாவதில் ஒரு தனிக்குரல் எழுந்து அடங்கியது.

பழைய படிக்கட்டு மேடை ஏன் பாடியது என்பதற்கான விடையாக இதையே நான் கொள்கிறேன். வாசலில் காசு கொடுத்து உள்ளே போனவர், தாம் நிற்கும் இடத்தைத் தாமே தேர்ந்துகொண்டார். பாட விரும்பியவர்கள் கோலுக்கு நேர் பின்னால், மேடையின் நடுவே திரண்டார்கள். அமைதியாகப் பார்க்க விரும்பியவர்கள் ஓரங்களுக்குப் போனார்கள். குறைந்த வரம்புள்ளவர்கள் தாமாகவே அருகருகே சேர்ந்துகொண்டதால், பொறி ஒன்று விழுந்தால் போதும், பற்றிக்கொண்டது. எண்ணிட்ட இருக்கைகள் வந்தபோது இந்தத் தேர்வு மறைந்தது. பாடும் இருபது நண்பர்களுக்கு இருபது வெவ்வேறு இடங்கள் கிடைத்தன. உட்காருவது தொண்டையை அடைத்துவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள். நிற்பது பாடுவதற்கு உதவும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு, யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்ற உரிமை போனதுதான்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். கூட்டத்தின் அளவு ஒலியைச் சிறிதளவே மாற்றும். களத்தின் நெருக்கமும் கூரையும் அதைவிட உதவும். பாட விரும்புவோர் ஒன்றாகச் சேர முடிகிறதா என்பதே பெரும்பங்கை முடிவு செய்கிறது.

அந்த மேடைகள் ஏன் போயின

படிக்கட்டு மேடைகள் வணிகத்துக்காக அகற்றப்பட்டன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. நடந்தது இதுதான். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம். வெளியே நெரிசல் மிகுந்தபோது காவல்துறை ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களை ஓரப் பகுதிகளுக்குத் திருப்பிவிடாததால், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிகளுக்குள் அவர்கள் சுரங்கவழியாக வந்து சேர்ந்தார்கள். முன்னால் உயர்ந்த இரும்பு வேலி. பின்னால் மேன்மேலும் கூட்டம். அந்த நெரிசலில் உண்டான காயங்களால் மொத்தம் 97 பேர் மாண்டார்கள். கடைசி மரணம் 2021-இல் நேர்ந்தது. குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்ற பொய், குடும்பங்களின் மேல் பல்லாண்டுகள் சுமத்தப்பட்டிருந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள்மேல் குற்றமில்லை என்றும் 2016-இல்தான் மரண விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது.

அது தனித்த நிகழ்வும் இல்லை. 1946-இல் போல்டன் நகரின் பர்ண்டன் பார்க்கில் 33 பேரும், 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் 66 பேரும் நெரிசலில் மாண்டிருந்தார்கள். 1985-இல் பிராட்ஃபோர்டு அரங்கின் பழைய மரக்கட்டுமானம் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நீதிபதி டெய்லர் பிரபு 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, பெரிய அரங்குகள் அனைத்திலும் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருக்கை எல்லா நோய்க்கும் மருந்தாகாது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

நின்று பார்ப்பதே மனிதரைக் கொன்றது என்பதும் சரியன்று, பழைய மேடைகள் பாதுகாப்பாகவே இருந்தன என்பதும் சரியன்று. வேலியும், மேடையைப் பிரித்த அடைப்புகளும், ரசிகர்களைக் குற்றவாளிகளாகவே கருதிய நிர்வாகமும் சேர்ந்து கொன்றன. 'பழைய காலம் பொற்காலம்' என்று சொல்லும்போது இந்த இரும்பு வேலியையும் நினைவில் வைத்தே சொல்லவேண்டும்.

நினைவு தேர்ந்தெடுக்கும் விதம்

இனி மறுபக்கத்துக்கு வருவோம். ஒருவர் முதுமையில் தம் வாழ்வை நினைத்துப் பார்க்கையில், ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளே மிகுதியாகவும் துலக்கமாகவும் நினைவுக்கு வருகின்றன. உளவியலார் இதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நினைவு மேடு என்று இதை அழைப்போம். தந்தையின் கைப்பிடித்து முதன்முதலாக அரங்குக்குப் போனதும், நண்பர்களோடு கட்டணம் சேர்த்து வெளியூர் ஆட்டத்துக்குப் போனதும் அந்த வயதில்தான். எனவே 1970-களில் இளைஞராயிருந்தவருக்கு அந்தக் காலமும், 1990-களில் இளைஞராயிருந்தவருக்கு அந்தக் காலமும் பொற்காலமாகத் தோன்றுவது இயல்பு.

அதோடு, நினைவில் நிற்பவை உச்சங்களே. ஆன்ஃபீல்டின் மாபெரும் இரவு எது என்று கேட்டால், 1977 மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் செயின்ட் எட்டியன் அணியை 3-1 என்று வென்ற இரவைப் பலர் சொல்வார்கள். அந்த ஆட்டப் பருவத்தில் லிவர்பூல் தன் சொந்த அரங்கில் 21 லீக் ஆட்டங்கள் ஆடியது. அவற்றில் மழை தூறிய ஒரு சாதாரணச் சனிக்கிழமையின் சத்தம் எப்படியிருந்தது என்று யாரும் நினைவுகூர்வதில்லை. ஆனால் இன்றைய அரங்கைக் குறைசொல்லும்போது, அத்தகைய சாதாரணச் சனிக்கிழமையையே எடுத்து 1977-இன் இரவோடு ஒப்பிடுகிறோம். உச்சத்தை உச்சத்தோடு ஒப்பிட்டால் படம் மாறுகிறது. 2019 மே 7 அன்று பார்சிலோனாவை 4-0 என்று வென்ற இரவில், முழுக்க இருக்கைகள் கொண்ட அதே ஆன்ஃபீல்டு எழுப்பிய ஆரவாரத்தை எந்தப் பழைய இரவுக்கும் கீழாக யாரும் வைக்கமாட்டார்கள். ஆட்டத்தின் பெறுமதி உயரும்போது எல்லோருடைய இணைவு வரம்பும் தாழ்ந்துவிடுகிறது. அப்போது இருக்கை தடையாவதில்லை.

பதிவுகளும் நினைவைத் திருத்துகின்றன. பிபிசி தன் ஆட்டத் தொகுப்பு நிகழ்ச்சியை 1964 ஆகஸ்ட்டில் ஆன்ஃபீல்டிலிருந்து தொடங்கியது. அதற்குப்பின் பல ஆண்டுகள், பெரும்பாலோர் வீட்டிலிருந்து பார்த்ததெல்லாம் சுருக்கப்பட்ட காட்சிகளே: கோல்கள், கொண்டாட்டம், பாடும் கோப். ஆட்டம் மந்தமாகி அரங்கே மௌனமான நிமிடங்கள் வெட்டப்பட்டுவிட்டன. இன்று நேரலையில் முழுத் தொண்ணூறு நிமிடங்களையும் பார்ப்பதால், மௌனமும் சேர்ந்தே நம் வீட்டுக்கு வருகிறது.

ஆர்சனல் இதற்கு நல்ல சான்று. 2006-இல் அந்த அணி தன் பழைய அரங்கான ஹைபரியை விட்டு எமிரேட்ஸ் அரங்குக்கு வந்தபின், அரங்கு அமைதியாகிவிட்டது என்று ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் ஹைபரியையே அதற்குமுன் எதிரணி ரசிகர்கள் 'நூலகம்' என்று கேலி செய்து பாடியிருந்தார்கள்.

கூட்டத்தின் அளவைப் பற்றிய நினைவும் பிழையானதே. இங்கிலாந்து லீக் ஆட்டங்களுக்கு 1948-49 பருவத்தில் வந்தவர்கள் 4 கோடிக்கு மேல். 1985-86-இல் அது 1 கோடியே 65 லட்சம் அளவுக்குச் சரிந்திருந்தது. அந்தப் பருவத்தில் முதல் பிரிவு ஆட்டங்களின் சராசரிக் கூட்டம் 20,000-ஐ எட்டவில்லை. இப்போது பிரீமியர் லீக்கின் சராசரி 40,000 அளவில் இருக்கிறது. இன்று ஏக்கத்தோடு நினைக்கப்படும் 1980-களின் மேடைகள் பல நாட்களில் பாதி காலியாகவே இருந்தன.

அங்கே எழுந்த ஒலி முழுவதும் பாட்டாகவும் இருக்கவில்லை. 1988-இல் எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க்கில் லிவர்பூலின் கறுப்பின ஆட்டக்காரர் ஜான் பார்ன்ஸை நோக்கி வாழைப்பழம் வீசப்பட்டது. அவர் அதைக் குதிகாலால் தட்டிவிடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. கறுப்பின ஆட்டக்காரர்களை நோக்கிக் குரங்குபோல் ஒலியெழுப்புவது அன்று பல அரங்குகளில் வழக்கமாயிருந்தது. அந்தச் சூழலில் தங்களுக்கு இடமில்லை என்று ஒதுங்கிப்போனவர்கள், அதைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்களில் இல்லை. நாம் கேட்கும் நினைவுகள், அங்கே மகிழ்ந்து நின்றவர்களின் நினைவுகள் மட்டுமே என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்தப் பகுதியின் சாரம் இது: இளமையும், உச்சங்களும், வெட்டித் தொகுத்த காட்சிகளும் சேர்ந்து பழைய சராசரி நாளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன.

கட்டணம்

அப்படியானால் எல்லாமே மயக்கமா? இல்லை. டெய்லர் அறிக்கை, இருக்கை வந்தாலும் நின்று பார்ப்பவர்களின் சட்டைப்பைக்கு ஏற்ற கட்டணம் இருக்கமுடியும் என்று கருதியது. ஐப்ராக்ஸில் இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்பதற்கு 4 பவுண்டு என்பதை அதற்கு எடுத்துக்காட்டாகவும் தந்தது. பெரிய அணிகள் இந்த அறிவுரையைப் பின்பற்றவில்லை. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கித் தொலைக்காட்சிப் பணம் கொட்டிய பின்னும் கட்டணங்கள் விலைவாசியைத் தாண்டி ஏறின. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் அடுத்த பருவத்தின் உயர்ந்த கட்டணத்தை 77 பவுண்டு என்று அறிவித்தபோது, சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் நிர்வாகம் அந்த உயர்வைக் கைவிட்டது.

கட்டணத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு நேரானது. குறைந்த வரம்புள்ளவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் வாங்கமுடியாத கட்டணம், கிரானோவெட்டரின் வரிசையிலிருந்து முதல் சிலரை உருவி எடுத்துவிடுகிறது. மற்றவர்களும் பாடத் தெரிந்தவர்களே. தொடங்கிவைக்க ஆள் இல்லை.

ஆரவாரத்தால் ஆட்டம் மாறுகிறதா?

மாறுகிறது, நடுவர் வழியாகவும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆன்ஃபீல்டில் நடந்த ஆட்டம் ஒன்றில் பந்துக்காக ஆட்டக்காரர்கள் மோதிய 47 தருணங்களை 40 நடுவர்களுக்குக் காட்டினார்கள்; சிலருக்கு ஒலியோடு, சிலருக்கு ஒலியின்றி. கூட்டத்தின் ஒலியைக் கேட்டவர்கள், சொந்த அரங்கின் அணிமேல் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவாகத் தவறு கண்டார்கள். கோவிட் காலத்தில் இது பெரிய அளவில் புலப்பட்டது. பெரும்பாலும் ரசிகர்களின்றி நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் சொந்த அரங்கில் ஆடிய அணிகள் 144 ஆட்டங்களிலும், வெளியூர் அணிகள் 153 ஆட்டங்களிலும் வென்றன. இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரில் வெளியூர் வெற்றிகள் மிஞ்சியது அதுவே முதன்முறை.

மீட்க முடிவது எது

2022 ஜனவரியில் இங்கிலாந்தில் சில அரங்குகளுக்குச் சோதனையாக நின்று பார்க்க உரிமம் தரப்பட்டது. அதே ஆண்டு அடுத்த பருவத்திலிருந்து மற்ற அணிகளுக்கும் அது திறந்துவிடப்பட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரக் கம்பி, மடக்கி வைக்கக்கூடிய இருக்கை என்பது இதன் அமைப்பு. பின்னாலிருந்து தள்ளினாலும் கம்பி தாங்கிக்கொள்ளும். ஓர் இருக்கைக்கு ஒருவர்தான் என்பதால் நெரிசலுக்கும் இடமில்லை. பழைய மேடை திரும்பிவிட்டதாக இதைக் கொண்டாடியவர்களும் உண்டு. ஆனால் எண்ணிட்ட இடங்கள் அப்படியே இருக்கும்வரை, நிற்பது மட்டும் பாடுபவர்களை ஒன்றுசேர்த்துவிடாது.

ஜெர்மனியில் போருசியா டோர்ட்முண்ட் அணியின் தெற்கு மேடையில் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கிறார்கள். ஐரோப்பாவில் மிகப்பெரிய நிற்கும் மேடை அது. அங்கே கட்டணம் குறைவு. முரசோடும் ஒலிபெருக்கியோடும் முன்னின்று பாட்டைத் தொடங்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதாவது வரம்பு 0 உள்ள இடத்தை அவர்கள் ஏற்பாடாகவே நிரப்பிவிடுகிறார்கள். இதில் ஓர் இழப்பும் உண்டு: ஆட்டம் எப்படிப் போனாலும் பாட்டு ஒரே சீராக ஓடுகிறது. களத்தில் நடந்ததற்கு உடனே பதில் சொன்ன பழைய ஆங்கிலக் கூட்டத்தின் கூர்மை அதில் குறைவு என்பது என் எண்ணம்.

இங்கிலாந்து அணிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது முரசைவிட முக்கியமான ஒன்று. அரங்கின் ஒரு பகுதியைப் பாட விரும்புவோர்க்கென ஒதுக்கி, அங்கே இளைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில், நண்பர் குழுக்களுக்குச் சேர்ந்தாற்போல் இடம் தரவேண்டும். ஓர் இருக்கைக்கு ஒருவர் என்ற விதி 97 உயிர்களுக்குப் பிறகு கிடைத்தது. அதைத் தளர்த்தத் தேவையே இல்லை. மாறவேண்டியவை இருக்கை ஒதுக்கும் முறையும் கட்டணமும். இரண்டையும் ஓர் அணி நிர்வாகம் அடுத்த பருவத்துக்கே மாற்றிவிட முடியும்.